பல் தடம்

எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது, ஒரு மே மாதத்தில், அக்காவுக்கு அம்மை போட்டது. எனக்கும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று அன்று மாலையே அப்பா என்னை அவிநாசியிலிருந்து உடுமலைப்பேட்டைக்குக் கூட்டிப்போய்த் தன் அக்கா வீட்டில் விட்டார். அம்மை வீட்டிலிருந்து வருகிறவர் இன்னொரு வீட்டுக்குள் போகக் கூடாது என்று சொல்லி வாசலில் நின்றே ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நானும் அதே வீட்டிலிருந்துதான் வந்திருக்கிறேன் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அத்தையும் மாமாவும் மட்டும்தான் அந்த வீட்டில். அவர்களுடைய மகன் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டிருந்தான். மாமா வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். டீ மேக்கர் என்றால் பேக்டரியில் எல்லோருக்கும் டீ ஆற்றிக் கொடுப்பவர் என்று நான் நினைத்திருந்தேன். அவ்வளவு பெரிய மனிதருக்கு ஏன் இந்த வேலை என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. இலையை வாட்டி, நொறுக்கி, உலர்த்தித் தூளாக்கும் வேலை முழுவதும் அவர் பொறுப்பில்தான் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

மாமா பைப் பிடிப்பார். இதையும் நான் தப்பாகவே புரிந்துகொண்டிருந்தேன். எங்கள் ஊரில் பைப் என்றால் தெருக்குழாய். மாமா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பைப்பைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று அத்தை போனில் அம்மாவிடம் சொல்லும்போதெல்லாம், உடுமலையில் தண்ணீருக்கு அவ்வளவு மரியாதை போலிருக்கிறது என்று எண்ணிக்கொள்வேன்.

போன முதல் ஞாயிற்றுக்கிழமை அதை நேரில் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால், பொடக்காளியில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு மர நாற்காலிகள் எப்போதும் கிடக்கும். மாமா ஒன்றில் உட்கார்ந்து, இன்னொன்றின்மேல் பழைய செய்தித்தாளை விரித்தார். ஒரு துணிப்பையிலிருந்து நான்கு பைப்புகள் வெளியே வந்தன. புகையிலை அடைக்கிற மரக்கிண்ணம் ஒரு பக்கம், வாயில் வைக்கிற கறுப்புத் தண்டு இன்னொரு பக்கம். தண்டை மெல்லத் திருகிக் கழற்றுவார். பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பியை உள்ளே விட்டு இழுப்பார். அது காப்பி நிறத்தில் வெளியே வரும். இன்னொரு கம்பி. அப்புறம் இன்னொன்று. கடைசிக் கம்பி வெள்ளையாகவே வெளியே வந்ததும் அந்தப் பைப்பைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். கிண்ணத்தின் வெளிப்பக்கத்தைத் தன் மூக்கின் பக்கவாட்டில் தேய்த்து, அந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் பரப்புவார். அதைப் பார்த்து எனக்கு உடம்பு கூசியது.

நெஞ்சு டாக்டர் மாமாவை மிரட்டி வைத்திருந்தார். வாரத்துக்கு ஒன்றே ஒன்று, அதற்குமேல் கூடாது. அதனால் நான்கு பைப்பில் மூன்றுக்கு வேலையே இல்லை. இருந்தாலும் நான்கையும் துடைப்பார்.

அத்தைக்கு இதெல்லாம் பிடிக்காது. பிடிக்காது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லுவாள். இந்தக் கருமத்தைத் தூக்கி வாய்க்காலில் போட்டால்தான் தனக்கு நிம்மதி என்பாள். ஆனால் அந்தக் கம்பிகளுக்குப் பஞ்சு சுற்றிக் கொடுப்பது அத்தைதான். விளக்குத்திரி திரிக்கும்போது கூடவே பத்துக் கம்பிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, முணுமுணுத்தபடியே சுற்றுவாள். அத்தையின் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. சிரித்தால் அது தெரியும் என்று முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். முணுமுணுக்கும்போது மறைக்கமாட்டாள்.

நான்கில் ஒன்று மிகப் பழையது. அதைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை. கிண்ணத்தின் வாய் வாணலியின் அடிபோலக் கரிந்திருந்தது. உள்ளே ஒரு ரூபாய்க் காசின் கனத்துக்குக் கரி படிந்திருந்தது. கறுப்பாக இருக்க வேண்டிய தண்டு வெளுத்துப் பச்சையும் மஞ்சளுமாகப் பாசி பிடித்தது மாதிரி இருந்தது. அதன் நுனியில் பல் தடங்கள் வேறு. வலது ஓரத்தில் ஆழமாக ஒரு பள்ளம். நடுவில் சின்னதாக இரண்டு.

என் கூச்சத்துக்குக் காரணம் அம்மா. எங்கள் வீட்டில் ஒரு பாத்திரம் நெளிந்தால் அடுத்த முறை பாத்திரக்காரர் வரும்போது அது வெளியே போய்விடும். காப்பிக் கறை பட்ட டம்ளரில் யாருக்கும் எதுவும் கொடுக்கமாட்டாள். நாலு பேர் வந்தால் என்ன நினைப்பார்கள் என்பாள். அம்மாவின் பெண்ணான நானும் பள்ளிக்கூடத்தில் சுத்தத்துக்கென்று பரிசு வாங்கியிருந்தேன்.

இரண்டாம் வாரத்தில் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணம் வந்தது. அப்போதுதான் நான் அம்மை வீட்டுப் பிள்ளை என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. கல்யாண வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனால் நன்றாக இருக்காது என்று அத்தை தயங்கித் தயங்கிச் சொன்னாள். பக்கத்து வீட்டு டீச்சர் வந்து எட்டிப் பார்த்துக்கொள்வார், மத்தியானச் சாப்பாடு அங்கே. காலையில் கிளம்பிய இருவரும் பட்டுப்புடவை வாசத்தோடு என் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். அவர்கள் தெருமுனை திரும்பியபோது எனக்கு அழுகை வந்தது. என்னால் அவர்களுக்குத் தொந்தரவு, அதனால்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று தோன்றியது. அவர்கள் திரும்பி வரும்போது அசந்துபோகிற மாதிரி எதையாவது செய்து வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எதைச் செய்வது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

முதலில் அந்தப் பழைய பைப்பைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டேன். பழுப்பாகச் சாறு இறங்கியது. பிறகு புளியும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்த்தேன். உள்ளே இருந்த கரி சுலபத்தில் வரவில்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்து, கிண்ணத்தைத் தொடையிடுக்கில் பிடித்துக்கொண்டு, மரம் தெரிகிற வரைக்கும் சுரண்டினேன். கட்டிக் கட்டியாக விழுந்தது. அவ்வளவு அழுக்கையா மாமா வாயில் வைத்துக்கொண்டிருந்தார் என்று அவருக்காக இரக்கப்பட்டேன். விளிம்பின் கரிக்கு உப்புத்தாள். தண்டுக்கும் உப்புத்தாள்தான், முதலில் சொரசொரப்பானது, அப்புறம் மெல்லியது. ஓரத்துப் பள்ளம் போக ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது. நடுவில் இருந்த இரண்டும் பத்து நிமிஷத்தில் மறைந்துவிட்டன. தண்டின் நுனி கொஞ்சம் மெலிந்துபோனது, ஆனால் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. கடைசியாக மாமாவின் பிரவுன் ஷூ பாலிஷை எடுத்துக் கிண்ணத்துக்குப் பூசி, துணியால் தேய்த்து, வெயிலில் வைத்தேன். டீச்சர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் வந்ததும் இருவரையும் கையைப் பிடித்துப் பொடக்காளிக்கு இழுத்துப்போனேன். செய்தித்தாளின் நடுவில் அதை வைத்திருந்தேன்.

மாமா குனிந்து எடுத்தார். கிண்ணத்துக்குள் பார்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பி மறுபடியும் பார்த்தார். முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "கடையில இருந்து இப்பத்தான் எடுத்துட்டு வந்தாப்பல பண்ணிப்போட்டயே கண்ணு" என்றார்.

நான் அத்தையைப் பார்த்தேன். வாய்க்காலில் எறிய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தானே, அவளுக்குத்தான் அதிகம் சந்தோஷமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அத்தை மாமாவின் கையிலிருந்து அதை வாங்கினாள். கிண்ணத்தை அவள் பார்க்கவே இல்லை. தண்டின் நுனியைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினாள், திருப்பி அடிப்பக்கத்தையும் தடவினாள். பிறகு அதை மாமாவிடம் கொடுத்துவிட்டு, பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் சமையலறைக்குப் போய் அரிசி களைய ஆரம்பித்தாள். சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் வீட்டில் எதற்கு அரிசி களைகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் களைந்தாள். அவளுடைய முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது.

நான் ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டேன் என்பது அந்த முதுகைப் பார்த்துத்தான் புரிந்தது. என்ன தப்பு என்று தெரியவில்லை. மாமா உள்ளே போய் அவளிடம் தணிந்த குரலில் பேசினார். சின்னப் பிள்ளை, ஆசையாகச் செய்திருக்கிறது, விடு என்றார்.

"நான் அவள ஒண்ணும் சொல்லலீங்களே" என்றாள் அத்தை. கொஞ்ச நேரம் கழித்து, "அத்தன வருசமுங்க" என்றாள்.

மறுநாள் மாமாவே எனக்கு விஷயத்தைச் சொன்னார். நான் அழுதுவிடக் கூடாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். உள்ளே இருந்த கரி அழுக்கு இல்லையாம். மரத்துக்கு அது சட்டை மாதிரி. அது இல்லாவிட்டால் நெருப்பு நேராக மரத்தைப் பிடித்துக்கொள்ளும். அது இழுக்க இழுக்கத்தான் படியும், வருஷக்கணக்கில். விளிம்பு கரிவதும் தண்டு வெளுப்பதும் புழங்குகிற பொருளுக்கு உள்ளதுதான். ஓட்டை விழாத வரைக்கும் அதற்கெல்லாம் கவலைப்பட வேண்டியதில்லை, மனிதனுக்கு நரைக்கிற மாதிரி என்று தன் தலையைக் காட்டினார். நான் அழுதுவிட்டேன். இனிமேல் அந்தப் பைப் அவ்வளவுதானா என்று கேட்டேன். அப்படியொன்றும் இல்லை, திரும்பவும் முதலிலிருந்து பழக்க வேண்டும், கால் கிண்ணம் மட்டும் புகையிலை போட்டு, அவசரப்படாமல், அடிவரைக்கும், தினமும் ஒரு தடவை இழுத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரி பிடிக்கும் என்றார்.

தினமும். ஆனால் டாக்டர் வாரத்துக்கு ஒன்று என்றல்லவா சொல்லியிருக்கிறார்? நான் அதைச் சொன்னதும் மாமா, "அதுக்கு என்ன, பாத்துக்கலாம்" என்று எழுந்து போய்விட்டார். அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பைப்பைக் காப்பாற்ற மாமா தினமும் பிடித்து, அவர் நெஞ்சுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதற்கும் நான்தான் காரணம்.

சாயங்காலத்தில் நான் டீச்சர் வீட்டுக்கு டிவி பார்க்கப் போவது வழக்கம். இரண்டு நாள் கழித்து, பாதியில் கரண்ட் போனதால் சீக்கிரம் திரும்பிவிட்டேன். இருட்ட இன்னும் நேரம் இருந்தது. மேற்கேயிருந்து அந்த ஊர்க் காற்று தென்னைமரங்களை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு வீசியது. வீட்டுக்குள் யாரும் இல்லை. பின்கதவு வழியாகப் புகையிலை வாசம் வந்தது, கூடவே லேசாக ஷூ பாலிஷ் வாசமும். மாமா பிடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று பதறிப்போய் ஓடினேன்.

மாமாவின் கை இரண்டும் மடியில் இருந்தன. பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு அத்தை உட்கார்ந்திருந்தாள். பைப் அணைந்துவிட்டிருந்தது போலும். அந்தக் காற்றில், உள்ளங்கையைக் குவித்து, ஒரே குச்சியில் பற்றவைத்தாள். வாயின் நடுவில், இரண்டு முன்பற்களுக்கிடையில் தண்டை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, சின்னச் சின்னதாக இழுத்தாள். இருமல் வரவில்லை. இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

என்னைப் பார்த்ததும் அத்தை பைப்பை வாயிலிருந்து எடுத்தாள். மாமா தென்னைமரத்தைப் பார்த்தார். பிறகு அத்தைதான் பேசினாள்.

"மாமாவுக்கு டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காருல்ல கண்ணு. அதான் நான் பழக்கிக் குடுக்கறேன்."

எனக்கு அப்போது உண்டான மரியாதையை என்னவென்று சொல்வது? நான் செய்த தப்புக்காக, வாழ்நாளில் வெற்றிலைகூடப் போடாத, திங்கட்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற அத்தை, அந்தக் கசப்பையும் நாற்றத்தையும் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நேராகச் சமையலறைக்கு ஓடி, டப்பாவைத் திறந்து ஒரு வெல்லக்கட்டியையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் எடுத்துவந்து நீட்டினேன். வாய் கசக்கும், சாப்பிடுங்கத்தை என்றேன்.

அத்தை மாமாவைப் பார்த்தாள். மாமாவின் தோள் குலுங்கியது. அவர் இருமுகிறார் என்று நினைத்தேன். அத்தை மட்டும் சிரிக்காமல், மிகுந்த பணிவோடு அந்த வெல்லத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து நான் இருந்த நாள்வரைக்கும் அது என் வேலையாகிவிட்டது. அத்தை பழக்கி முடிக்கும்வரை வெல்லத்தோடு துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருப்பேன். நடுநடுவே, போதுமுங்கத்தை, மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். பரவாயில்லை கண்ணு என்று அத்தை இன்னும் இரண்டு இழுப்பு இழுப்பாள். ஞாயிற்றுக்கிழமையன்று தனக்கு அனுமதிக்கப்பட்ட ஒன்றை மாமா அந்தப் பைப்பிலேயே பிடித்தார். பாதி முடிந்ததும் அதை அத்தையிடம் நீட்டினார். அத்தை தண்டைத் துடைக்காமல் வாயில் வைத்துக்கொண்டாள். இதையும் நான் தியாகத்தின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

எனக்குக் கல்யாணமான பிறகுதான், ஒருநாள் அத்தையே வாயை மறைக்காமல் சிரித்துக்கொண்டு சொன்னாள். கல்யாணமாகி வால்பாறை போனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. மழை பிடித்தால் மாதக்கணக்கில் விடாது. துணி காயாது. அடுத்த வீடு பனிமூட்டத்தில் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. செருப்பை உதறினால் அட்டை விழும். மாமா பேக்டரியிலிருந்து இலை வாசத்தோடு வந்ததும் இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள், பேசுவதற்கும் ஒன்றும் தெரியாது. ஒருநாள் விளையாட்டாக மாமா பைப்பை நீட்டினாராம். அவளும் விளையாட்டாக வாங்கினாளாம். அதற்கப்புறம் அங்கே இருந்த வருஷமெல்லாம், தினமும் சாயங்காலம், ஒரே பைப், ஆளுக்குக் கொஞ்சம். நடுவில் இருந்த அந்த இரண்டு சின்னத் தடங்கள் அவளுடையவை. மலையிறங்கி வந்தபிறகு சொந்தபந்தம் புழங்குகிற வீட்டில் அதை யாருக்கும் தெரியாமல் விட்டுவிட்டாள். பிறகு டாக்டர் வேறு வந்து மாமாவுக்கும் வாரத்துக்கு ஒன்று என்று சொல்லிவிட்டார். தடம் மட்டும் இருந்தது. "அதையும் நீ ராவி எடுத்துப்போட்டே" என்றாள். எடுத்துப்போட்டதும் நல்லதுக்குத்தான் என்றும் சொன்னாள்.

அந்த மே மாதத்தில் இது ஒன்றும் எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, அப்பா கூட்டிப்போக வருகிறார் என்று தகவல் வந்த அன்று, மாமாவின் துணிப்பையிலிருந்து அந்தப் பைப்பை எடுத்துப் பார்த்தேன். கிண்ணத்துக்குள் மெல்லிசாக மை பூசியது போலக் கரி பிடித்திருந்தது. விளிம்பில் ஒரு பக்கம் கறுக்கத் தொடங்கியிருந்தது. என்னுடைய வழவழப்பான தண்டில், நடுவில், நகத்தால் அழுத்தியது மாதிரி லேசாக இரண்டு தடங்கள் விழுந்திருந்தன. சரியாகத் தேய்க்காமல் விட்டுவிட்டேனோ என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. ஊருக்குப் போவதற்குள் உப்புத்தாள் போட்டு எடுத்துவிடுகிறேன் என்று இருவரிடமும் போய்ச் சொன்னேன்.

"வேண்டாம் கண்ணு, இருக்கட்டும்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அவிநாசியில் அக்கா இளைத்து, நெற்றியிலும் கன்னத்திலும் தழும்புகளோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்துக்கொண்டிருந்தாள். அப்பா வழக்கம்போலச் சட்டையை மாற்றிக்கொண்டு கடைவீதிப் பக்கம் போய்விட்டார். அவர் எங்கே போகிறார், எப்போது வருவார் என்பதையெல்லாம் அம்மா கேட்பதும் இல்லை, அவர் சொல்வதும் இல்லை. எங்கள் வீட்டில் அது எப்போதும் அப்படித்தான்.

நான் உடுமலையில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். பைப்பைச் சுரண்டியதை, மாமா சட்டை மாதிரி என்று சொன்னதை, அத்தை எனக்காகத் தினமும் அந்தக் கசப்பைக் குடித்ததை. புகை என்றாலே அம்மாவுக்கு ஆகாது. பஸ்ஸில் யாராவது பீடி பற்றவைத்தால் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறவள். கேட்டதும் முகம் சுளிப்பாள் என்று நினைத்தேன். அம்மா அரைப்பதை மட்டும் நிறுத்தினாள்.

"ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதான் உக்காந்துக்குவாங்களா?"

ஆமாம், இரண்டு நாற்காலி என்றேன்.

"என்ன பேசிக்குவாங்க?"

ஒன்றும் பேசமாட்டார்கள், சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்றேன். அம்மா அம்மியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அத்தை புகை பிடித்ததை நினைத்துத்தான் கோபப்படுகிறாள் என்று எண்ணி, அவளைச் சமாதானப்படுத்த, அந்தப் பைப்புக்குப் பழையபடி கரி பிடிக்கிற வரைக்கும்தான், அதற்கப்புறம் அத்தை விட்டுவிடுவார்கள் என்று சொன்னேன்.

"விடாம இருக்கட்டும்" என்றாள் அம்மா.

பிறகு மஞ்சளை வழித்து அக்காவின் நெற்றியில் பூசப் போய்விட்டாள். அம்மா ஏதோ வாய் தவறிச் சொல்லிவிட்டாள் என்றே நான் நினைத்தேன். திருத்திச் சொல்வாள் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.